சொல்லாமல் விட்ட கடல்

தொண்டாமுத்தூர்
12.6.2023

சுப்பையன் மகள் மதிவதனிக்கு, மேற்குத்தோட்டம் பொங்கியண்ணன் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உன் படம் பார்த்தேன். விசாகப்பட்டினத்தில் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாயாம். நடுக்கடலில் மிதவைகளைப் போட்டு, தண்ணீர் சூடாக இருக்கிறதா குளிர்ந்து இருக்கிறதா என்று பார்த்தே இங்கே மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவாயாம். சலூனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் பேப்பரைக் காட்டினேன். "இது நம்ம தோட்டத்துப் புள்ளைங்க. இவ அப்பன் நம்மகிட்டத்தான் இருந்தான்" என்றேன். அவர் நம்பவில்லை.

உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் இங்கிலீஷில் என்னமோ கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். ஜூன் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. வெள்ளியங்கிரி மலையில் மேகம் ஏறவில்லை. இந்நேரம் சாரல் அடித்து, காலையில் போர்வை கேட்கும். இப்போது நொய்யலில் மணல்தான் தெரிகிறது. டிவியில் எல் நினோ, எல் நினோ என்கிறார்கள். அது ஆளா பேயா என்று எனக்குத் தெரியாது. ஆறு ஏக்கர் உழுது கிடக்கிறது. ஆடியில் விதைக்கலாமா?

என் மகன் தீபக் கோயமுத்தூரில் மனை வியாபாரம் செய்கிறான். "இன்னும் ஒரு வருஷந்தானுங்கப்பா. அதுக்கு மேல கல்லு நட்டு சைட்டு போட்டர்லாம்" என்று சொல்லிவிட்டான். என் தாத்தா வெட்டிய கிணறு இருக்கிற நிலம். இந்த வருடம் நான் தோற்கக்கூடாது.

பதில் எழுது.

பொங்கியண்ணன்

●

விசாகப்பட்டினம்
24.6.2023

திரு. பொங்கியண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களிடம் வேலை பார்க்கவில்லை. என் அப்பாவை 'இருந்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 2019-இல் இறந்துவிட்டார். இறந்த பிறகாவது அவர் 'இருந்தார்' ஆகலாம்.

இனி ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் பழைய பழக்கத்தில் 'சாமி' என்று சொல்லிவிடுமோ என்று எனக்குப் பயம். என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கேட்டதற்குப் பதில். எல் நினோ ஆளும் இல்லை, பேயும் இல்லை. பசிபிக் பெருங்கடலின் நடுவில் சில வருடங்களில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகிறது. நம் ஊரிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி. சூடான கடலுக்கு மேலே காற்று எழும்பி அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. எழும்பிய காற்று எங்காவது இறங்க வேண்டும் அல்லவா? அது நம் பக்கம் வந்து இறங்குகிறது. காற்று இறங்கும் இடத்தில் மேகம் கட்டாது. அதனால்தான் உங்கள் மலையில் மேகம் இல்லை. இந்த வருடம் தென்மேற்குப் பருவமழை குறையும். ஆடிப்பட்டத்தில் வானத்தை நம்பி விதைக்காதீர்கள்.

இதேபோல் இன்னொரு வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். 2002. அந்த வருடம் ஆடியும் பொய்த்தது, ஐப்பசியும் ஏமாற்றியது. அடுத்த சித்திரையில் எங்கள் காலனியில் இருந்த ஒரே அடிபம்பில் காற்றுதான் வந்தது. உங்கள் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. தொட்டியில் மாட்டுக்கு விட்ட தண்ணீரை எங்கள் வீட்டுப் பெண்கள் மொண்டுகொண்டு போனார்கள். மொள்ள விட்டது என் அப்பா. உங்களிடம் கேட்காமல் விட்டார்.

நீங்கள் அவரை அடித்திருந்தால் மறந்திருப்பேன். நீங்கள் அடிக்கவில்லை. தேங்காய் வெட்டும் அரிவாளை அவர் கையில் கொடுத்து, வரிசையாக இருந்த பிளாஸ்டிக் குடங்களைக் காட்டி, "நீயே வெட்டு" என்றீர்கள். பதினொரு குடங்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் ஒவ்வொன்றாக வெட்டினார். மூன்றாவது என் அம்மா மயிலாத்தாளின் குடம். பிறகு அவற்றை வேலியில் தொங்கவிடச் சொன்னீர்கள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அடுத்த வாரமே நாங்கள் பெரியநாயக்கன்பாளையம் போய்விட்டோம். அப்பா அங்கே ஒரு வார்ப்புப் பட்டறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தார். அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் தன் கையால் குடத்தைத் தொட்டதில்லை. நாங்கள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால்தான் தண்ணீர் குடிப்பார். உங்களை ஒரு வார்த்தை திட்டியதில்லை. "வானம் செஞ்ச வேலை கண்ணு" என்பார்.

வானம் என்ன செய்தது என்று பார்க்கத்தான் நான் இதைப் படித்தேன். பார்த்துவிட்டேன். வானத்தின் மேல் பாதிப் பழிதான் இருக்கிறது.

மதிவதனி

●

தொண்டாமுத்தூர்
22.8.2023

அம்மணி மதிவதனிக்கு,

எழுபத்திரண்டு வயதுக்கு மேல் வாய் திருந்தாது. 'நீ' என்றுதான் வருகிறது. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நீ சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஆகஸ்ட் பிறந்து இதுவரை ஒரு துளி இல்லை. நான் ஆடியில் விதைக்கவில்லை. கிழக்குத்தோட்டத்துச் சரவணன் என் பேச்சைக் கேட்காமல் மக்காச்சோளம் போட்டான். முழங்கால் உயரத்தில் காய்ந்து, காகிதம் மாதிரிச் சத்தம் போடுகிறது. இப்போது டீக்கடையில் உட்கார்ந்தால் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொள்கிறார்கள். "ஏனுங்க, அந்தப் புள்ள அடுத்து என்ன சொல்லுச்சுங்க?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

குடம் விஷயம் எழுதியிருந்தாய். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. அந்த வருடம் எல்லாருக்கும்தான் தொண்டை காய்ந்தது. நானும் நாலு உருப்படி மாட்டை அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போய் வந்த விலைக்கு விட்டேன். பழையதைக் கிளறி யாருக்கு என்ன?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போர்வெல் தண்ணீரை வைத்துச் சின்ன வெங்காயம் போடலாம் என்று இருக்கிறேன். நாலு ஏக்கர். விதை வெங்காயம் வந்து இறங்கிவிட்டது. இப்போது நட்டால் ஐப்பசி நடுவில் பிடுங்க வேண்டும். பிடுங்கிய வெங்காயம் வயலிலேயே வெயிலில் காய வேண்டும். அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவும் அழுகிப்போகும். இது உனக்குத் தெரியாதது இல்லை. உன் அப்பா பிடுங்கிக் காயவைத்த வெங்காயம்தான்.

டிவியில் வடகிழக்குப் பருவமழை இயல்பாக இருக்கும் என்கிறார்கள். நீ 2002 மாதிரி என்றாய். அந்த வருடம் ஐப்பசியில் மழை ஏமாற்றியது. இந்த வருடமும் அப்படித்தானா? நீ சொன்னால்தான் நடுவேன். ஒரு வரி எழுதினால் போதும்.

பொங்கியண்ணன்

●

விசாகப்பட்டினம்
28.8.2023

திரு. பொங்கியண்ணன் அவர்களுக்கு,

குடங்கள் நினைவில்லை என்று எழுதியதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

ஒரு வரி போதும் என்றீர்கள். இது எல் நினோ வருடம். 2002-உம் எல் நினோ வருடம்தான். அந்த வருடத்து ஐப்பசி எப்படி இருந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மதிவதனி

●

தொண்டாமுத்தூர்
27.11.2023

அம்மணி மதிவதனிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு வாரமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நீ எழுதியதை நம்பி மறுநாளே நடவு ஆரம்பித்தேன். பயிர் நன்றாகத்தான் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி பிடுங்க ஆரம்பித்தோம். முப்பது பெண்கள். காய் பெரிது, நல்ல சிவப்பு. வயல் முழுக்கப் பரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டேன். மூன்றாம் தேதி சாயங்காலம் கிழக்கே கறுத்தது. கிழக்கே! நான் ஆயுசு முழுக்க மேற்கைப் பார்த்தே பழகியவன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கொட்டிவிட்டது. பெண்கள் முந்தானையில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தார்ப்பாய் நாலு இருந்தது. நாலு ஏக்கருக்கு நாலு தார்ப்பாய்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெயில் வந்ததும் மறுபடி பரப்பினோம். மறுபடி கொட்டியது. எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி. பிறகு இருபத்திரண்டாம் தேதி மேட்டுப்பாளையம் பக்கமெல்லாம் ரோடே அடித்துக்கொண்டு போனது என்றார்கள். சேமித்து வைக்கும் பட்டறையில் அடுக்கிய வெங்காயம் உள்ளேயே புழுங்கி ஒழுகிவிட்டது. நாற்றம் தாங்காமல் வீட்டுக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு தடவை வேலியை மிதித்துக்கொண்டு வரும் யானைகூட இந்தப் பக்கம் வரவில்லை.

தீபக் வந்து பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். சித்திரை முடிய எனக்குக் கெடு கொடுத்திருக்கிறான்.

உன்னை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை தப்பிவிட்டது. எவ்வளவு படித்தாலும் பெண்பிள்ளை. நீ என்ன செய்வாய்? மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் மன்னித்துவிட்டேன்.

பொங்கியண்ணன்

●

விசாகப்பட்டினம்
5.12.2023

பொங்கியண்ணன் அவர்களுக்கு,

எனக்குத் தப்பவில்லை.

நீங்கள் மன்னித்துவிட்டதாக எழுதியிராவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வாழ்வதை என்னால் பொறுக்க முடியாது. அதனால் கேளுங்கள்.

எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும். அதே எல் நினோ ஐப்பசி கார்த்திகையில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் மழையைக் கூட்டும். 1997-இல் கூட்டியது. 2015-இல் கூட்டியது. இது என் துறையில் முதல் வருடம் படிக்கிறவர்களுக்கே தெரியும்.

இந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம் இந்தியப் பெருங்கடலுக்கும் சூடு, குளிர் மாறும் பழக்கம் உண்டு. சில வருடங்களில் ஆப்பிரிக்கா பக்கத்துத் தண்ணீர் சூடாகிறது, சுமத்ரா பக்கத்துத் தண்ணீர் குளிர்கிறது. அப்படி ஆனால் ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நம் பக்கம் வலுத்து வீசும். ஆகஸ்டிலேயே எங்கள் மிதவைகள் அதைக் காட்டிவிட்டன. 2002-இல் எல் நினோ இருந்தது, இந்தியப் பெருங்கடல் அந்த அளவு மாறவில்லை. இரண்டு வருடமும் ஒன்றில்லை. நீங்கள் கேட்ட அன்று என் மேசைமேல் அந்தப் படம் விரிந்து கிடந்தது.

உங்களுக்கு ஒரு கடலைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு கடலைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் எழுதிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பொய்கூட இருக்காது. கவனமாக எழுதினேன். என் அப்பா உங்களிடம் பொய் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதி மாலை நான் ஆபீசில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூருக்கு மேலே வெள்ளையாக ஒரு திரள் கட்டி, மேற்கே நகர்ந்து, உங்கள் தோட்டத்துக்கு மேல் நின்றது. எழுந்து போய் ஒரு காப்பி வாங்கி வந்து, அதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். இருபது வருடத்தில் அவ்வளவு ருசியாக ஒரு காப்பி குடித்ததில்லை.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்கிற இடத்தில் நீங்கள் இல்லை.

மதிவதனி

●

தொண்டாமுத்தூர்
14.12.2023

மதிவதனிக்கு,

பதினொன்று இல்லை. பதினாலு.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பதினொரு குடத்தை வெட்டிவிட்டு உன் அப்பன் நின்றான். மிச்சம் மூன்றையும் வெட்டு என்று நான்தான் சொன்னேன். நீ அதற்குள் ஓடிப்போயிருப்பாய். என் கிணற்றிலும் அன்றைக்கு முழங்காலளவுதான் தண்ணீர் இருந்தது. அதற்குமேல் போனால் மாடு சாகும், தென்னை சாகும் என்ற பயம். பயத்தில் செய்தேன். இல்லை, பயத்தில் மட்டும் செய்யவில்லை. என்னைக் கேட்காமல் விட்டான் என்ற ஆத்திரத்தில் செய்தேன். போதுமா? எழுதிவிட்டேன். எடுத்து வைத்துக்கொள்.

இப்போது நீ செய்ததைக் கேள்.

அந்த நாலு ஏக்கரில் என் வெங்காயம் இரண்டு ஏக்கர்தான். மிச்சம் இரண்டையும் பாதி விளைச்சல் எனக்கு, பாதி அவளுக்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தேன். யாருக்குத் தெரியுமா? ராசம்மாளுக்கு. உன் அப்பனுடன் பிறந்த தங்கச்சி. உன் சொந்த அத்தை. நட யோசித்துக்கொண்டிருந்தவளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், "எங்கண்ணன் மக சொன்னா தப்பாதுங்க பண்ணாடி" என்று சொல்லி அன்றைக்கே இறங்கினாள். அவளும் அவள் மகள் பொற்கொடியும் அறுபது நாள் அந்த மண்ணில் கிடந்தார்கள். அரசாங்க வீட்டுக்குச் சுவர் எழுப்பி மேலே மூடாமல் கிடக்கிறது. இந்த வெங்காயத்தில் மூடிவிடலாம் என்று இருந்தாள். மழை கொட்டும்போது தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தது அவள்தான். வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்து, இன்னும் நொண்டுகிறாள்.

நீ காப்பி குடித்தாயே, அந்த நேரத்தில்.

உன் கடிதம் வந்த அன்று ஆட்கள் அழுகல் வெங்காயத்தை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் நிறுத்திவிட்டு, ராசம்மாளைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். ஒரு வரி விடவில்லை. "கேட்டியா? இதுதான் உன்ற அண்ணன் மக" என்றேன். நீ எனக்குச் செய்ததைவிட அதிகமாக உனக்குச் செய்ய வேண்டும் என்றே படித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையை நீட்டி, "அந்தத் தாளை இங்க கொடுங்க" என்றாள். கொடுத்தேன். "இதைப் பேப்பர்காரங்ககிட்டக் கொடு. உன்ற அண்ணன் மக வேலை போயிரும்" என்றும் சொன்னேன். மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நீயும் தெரியாமலே இரு.

பொங்கியண்ணன்

●

விசாகப்பட்டினம்
22.1.2024

பொங்கியண்ணன் அவர்களுக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தேன். காலனிக்கு உங்கள் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நீங்கள் வாசலில் நின்றீர்கள். நான் பார்க்காத மாதிரிப் போனேன்.

அத்தையும் நானும் மாதம் ஒரு முறை போனில் பேசுவோம். அவர் உங்களிடம் நிலம் வாரத்துக்கு எடுத்ததைச் சொல்லவே இல்லை. உங்கள் தோட்டத்துப் பக்கமே போகக்கூடாது என்று நான் எப்போதோ சத்தம் போட்டிருந்தேன். அதனால் மறைத்திருக்கிறார். நான் மழையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சொந்த வீட்டுக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தை சுவர் ஓரமாக உட்கார்ந்து, கொட்டியதில் தப்பிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "வா கண்ணு. சோறு உண்டுபோட்டு அப்புறம் பேசலாம்" என்றார். சாப்பிட்டு முடித்ததும் சுருக்குப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பண்ணாடி படிச்சாரு. அவரு படிச்சதுல எனக்கு நம்பிக்கையில்ல. நீ எழுதினத நீயே படி."

படித்தேன். ஆரம்பிக்கும்போதே அந்தக் காப்பி வரி முன்னால் வரப்போகிறது என்று தெரியும். அதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் படித்துக் காட்டிய கடிதத்துக்கும் அத்தை கேட்கிற கடிதத்துக்கும் ஒரு வரிதான் வித்தியாசம் இருக்கும். நீங்கள்தான் சேர்த்துப் படித்தீர்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். உங்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார். ஆனாலும் அந்த வரியையும் படித்தேன்.

அத்தை கொஞ்ச நேரம் வெங்காயத்தைத் தோலுரித்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ மழை வரும்னு உனக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியுமுங்க அத்தை."

"அவர ஏமாத்தினதுக்கு எனக்கு வருத்தமில்ல கண்ணு. அன்னிக்கு வெட்டினதுல என்ற குடமும் ஒண்ணு. நல்லா வேணும் அவருக்கு." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அந்தத் தோட்டத்துல அவரு மட்டுமா இருக்காரு? அவரு நின்னு பாப்பாரு. மண்ணுல கிடக்கிறது நாங்கதான. அவ்வளவு மேல இருந்து படம் புடிச்சா நாங்க தெரியமாட்டோம்போல இருக்குது."

நீங்கள் எனக்குச் செய்ய நினைத்தது நடந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் நீங்கள் படித்ததால் நடக்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் நடந்தது. உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் இருக்கட்டும்.

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "பேப்பருக்குக் குடுக்கறதுன்னா குடுங்க அத்தை" என்றேன். அவர் அதை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டு, அதன்மேல் டீக்கு வைத்தார்.

இரண்டு நாள் இருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பசிபிக் கடல் எப்போது குளிர ஆரம்பிக்கும், இந்தக் கோடை எவ்வளவு காயும், கோடை மழை எப்போது, ஆடிச் சாரல் எப்படி, ஐப்பசியில் வெங்காயம் போடலாமா கூடாதா. இது நடக்க வாய்ப்பு அதிகம், இது எனக்கே உறுதியில்லை என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டார். என்னிடமே திருப்பிச் சொல்லிக் காட்டினார். இனி மாதாமாதம் மிதவைகள் காட்டுவதைப் போனில் சொல்வேன். காலனியில் யார் கேட்டாலும் அவர் சொல்வார்.

உங்களுக்கு இனி மழையைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டுமானால் காலனிக்கு நடந்து வாருங்கள். ஆளை விட்டுக் கூப்பிட்டு அனுப்பினால் அத்தை வர மாட்டார். வந்து நின்று கேளுங்கள்.

பதினாலு என்று நீங்கள் எழுதியதை வைத்திருக்கிறேன். மன்னிக்கவில்லை.

மதிவதனி

●

தொண்டாமுத்தூர்
3.5.2024

மதிவதனி அவர்களுக்கு,

மூன்று மாதம் நான் போகவில்லை. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அந்தக் காலனிக்குள் என் அப்பா போனதில்லை, நானும் போனதில்லை. மழையைக் கேட்க ராசம்மாள் வாசலில் போய் நிற்பதைவிட நிலத்தை விற்றுவிடலாம் என்று தீபக்கிடமே சொன்னேன்.

மார்ச்சில் கிணறு வற்றியது. ஏப்ரல் பத்தாம் தேதி போர்வெல்லில் சேறு வந்தது, பிறகு அதுவும் இல்லை. தொள்ளாயிரம் அடி. இப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. தென்னையில் குரும்பை கொட்டிக்கொண்டே இருக்கிறது. மட்டைகள் ஒடிந்து தொங்குகின்றன. மாட்டுக்கு லாரியில் தண்ணீர் வாங்குகிறேன். டிவியில் இந்த வருடம் மழை நன்றாக இருக்கும் என்கிறார்கள். போன வருடமும் டிவியில் சரியாகத்தான் சொன்னார்கள். நான்தான் உங்களைக் கேட்டேன். இப்போது யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

தீபக் சித்திரைக் கடைசி ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி, நிலத்தை அளக்க ஆட்களோடு வருகிறான். "வைகாசியில மழ வந்துரும், விதைச்சுக் காட்டறேன்" என்று அடித்துச் சொன்னால் இந்த ஒரு வருடம் விடுவான். வெறும் வாயால் சொன்னால் விட மாட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். செருப்போடுதான் போனேன். வாசல் வாசலாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். ராசம்மாள் உள்ளே இருந்தபடியே, "யாருங்க அது?" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். "நான்தான், மேற்குத்தோட்டம்" என்றேன். "ஏனுங்க, என்ன வேணும்?" என்றார். முதலாளி என்ற மரியாதையில் எப்போதும் கூப்பிடுவதுபோல் பண்ணாடி என்று கூப்பிடவில்லை.

தீபக் வருகிற ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி, மழையைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றேன். வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நொண்டி நொண்டித்தான் நடக்கிறார். நான் உட்காரவில்லை. "வைகாசி பொறந்த வாரத்துல மழை இருக்குதுங்க. அதுவரைக்கும் வெயிலுதான்" என்றார்.

"அதுக்கப்புறம்? ஆடிக்கு? ஐப்பசிக்கு?"

"இன்னிக்கு இவ்வளவுதானுங்க. நாளைக்கு வாங்க."

புதன்கிழமை போனேன். மே தினம், எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். ஆடியில் தென்மேற்கு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். எவ்வளவு அதிகம், எப்போது, நொய்யல் கரையில் தாழ இருக்கிற வயலில் விதைக்கலாமா என்று கேட்டேன். "நாளைக்கு வாங்க" என்றார்.

வியாழக்கிழமை போனேன். அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. "நாளைக்கு வாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அது பார்த்தாலே தெரிகிறது. சொல்கிற வரைக்கும் உண்மை. சொல்லாமல் விடுவது எது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு, சொன்னது பாதியா, கால்வாசியா, அடுத்த பாதி முதல் பாதியைக் கவிழ்த்துவிடுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டீக்கடைக்குப் போவதில்லை.

நீங்கள் ஒரு வரி எழுத மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஐப்பசியைப் பற்றி அவரிடம் என்ன சொன்னீர்கள்?

இன்றைக்கும் போய் வந்தேன். கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். இன்றைக்கு உட்கார்ந்தேன். மிச்ச வாசலையும் கூட்டி முடித்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாளிருக்குதுங்களே" என்றார்.

நாளைக்கும் போவேன்.

பொங்கியண்ணன்